பில் வந்த பிறகு பி.ஓ.வைத் திருத்தலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

நடுத்தர நிறுவனம் ஒன்றில் கொள்முதலையும் அக்கவுண்ட்ஸையும் சேர்த்துக் கவனிக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். எக்செலில் நடந்துவந்த வேலை ஆறு மாதங்களாகக் கொள்முதல் மென்பொருளில் நடக்கிறது. சிக்கல் ஒரே ஒரு பர்ச்சேஸ் ஆர்டரில் (பி.ஓ., சப்ளையருக்குக் கொடுக்கும் கொள்முதல் ஆணை). அதில் ஒன்று 50 வீதம் 1,000 அட்டைப்பெட்டி, ரோல் 25 வீதம் 240 ரோல் டேப், ஆக 56,000. சரக்கு மூன்று தடவையாக வந்தது: முதலில் 400 பெட்டியும் டேப் முழுவதும், பிறகு 350 பெட்டி, கடைசியாக 230 பெட்டி.

பில்கள் இரண்டு. முதல் பில்லில் 400 பெட்டியும் "டேப் 20 பாக்கெட், பாக்கெட் 300" என்றும் இருந்தது; மொத்தம் 26,000. டேப் விலை பொருந்தவில்லை என்று மென்பொருள் எச்சரித்தது. மொத்தத் தொகை சரியாக இருந்ததால் இவர் எச்சரிக்கையைத் தாண்டி அனுமதித்துவிட்டார். இரண்டாவது பில்லில் 600 பெட்டி 52 வீதம், லாரி வாடகை 600, மொத்தம் 31,800. வந்த சரக்கைவிட பில் அளவு அதிகம் என்று அது ஹோல்டில், அதாவது பணம் கொடுக்க முடியாமல், நிற்கிறது. இவர் பி.ஓ.வில் பெட்டி விலையை 52 என்று மாற்றிவிட்டார். சப்ளையர் தினமும் போன் செய்கிறார். முதலாளியோ, "ஸ்டோர்ஸில் சொல்லி வரவை 600 ஆக்கிவிடுங்கள், மீதி 20 எப்படியும் வந்துவிடும்" என்கிறார்.

அவர் கேட்பவை: ஒரு பி.ஓ.வுக்கு ஒரு பில்தானா? பில்லுக்கு ஏற்ப பி.ஓ.வைத் திருத்துவது தவறா? பி.ஓ.வின் மேல்பகுதியில் உள்ள "பில் நம்பர்" கட்டத்தில் இரண்டாவது நம்பரைப் போட்டால் முதலாவது அழிந்துபோகிறது, என்ன செய்வது? மாதாமாதம் வரும் பராமரிப்பு ஒப்பந்த பில்லை எதோடு பொருத்துவது?

ஆலோசனை

கடைசிக்கு முந்திய கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் குழப்பங்களின் வேர் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. பி.ஓ. ஒரு காகிதம், பில் ஒரு காகிதம், இரண்டையும் ஒரு பின் போட்டுக் கோத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ஃபைலில் அப்படிக் கோக்கலாம். மென்பொருள் அப்படிக் கோப்பதில்லை. அது பில்லின் ஒவ்வொரு லைனையும் பி.ஓ.வின் ஒரு லைனோடு இணைக்கிறது. (லைனை "வரி" என்றுதான் எழுத வேண்டும். ஆனால் டாக்ஸும் வரிதான் என்பதால், இந்தப் பதிலில் லைன் லைனாகவே இருக்கட்டும். கணக்கு எளிதாக இருக்க டாக்ஸையும் விட்டுவிடுகிறேன்.)

இணைப்பு லைன் அளவில் இருப்பதால் ஒரு பி.ஓ.வுக்குப் பத்து பில் வரலாம். ஒரே பில்லில் மூன்று பி.ஓ.க்களின் சரக்கும் இருக்கலாம். இரண்டிலும் தவறில்லை. எனவே பி.ஓ.வின் தலையில் ஒரே ஒரு பில் நம்பர் கட்டம் என்பது அடிப்படையிலேயே பொருந்தாதது. பெரும்பாலும் நிறுவும்போது யாரோ எக்செல் பழக்கத்தில் கேட்டு வாங்கிய கூடுதல் கட்டமாக இருக்கும். அதை மறைத்துவிடச் சொல்லுங்கள். பில் நம்பர் பில் பதிவில் இருக்க வேண்டும், பி.ஓ.வைத் திறந்தால் அதோடு இணைந்த பில்களின் பட்டியல் தானாகத் தெரிய வேண்டும்.

பி.ஓ. லைன் ஒவ்வொன்றிலும் மூன்று எண்களைப் பாருங்கள்: ஆர்டர் செய்தது, வந்தது, பில் ஆனது. முதலாவதை நீங்கள் எழுதுகிறீர்கள். இரண்டாவதை ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். (சரக்கு வரவுப் பதிவு) நிரப்புகிறது. மூன்றாவதை அக்கவுண்ட்ஸ் பதிவு செய்யும் பில் நிரப்புகிறது. "மூன்று வழிப் பொருத்தம்" என்று மென்பொருள்காரர்கள் சொல்வது இதைத்தான். பில்லில் உள்ள அளவு, வந்து இன்னும் பில் ஆகாத அளவுக்குள் இருக்கிறதா, விலை பி.ஓ. விலையோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டு கேள்விகள். மொத்தத் தொகை இதில் வருவதே இல்லை.

நீங்கள் கவலைப்படாத பில்தான் முதல் சிக்கல்

முதல் பில் "சரியாகப் பொருந்தி முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. டேப் 240 ரோல் வந்ததாக ஸ்டோர்ஸ் பதிந்திருக்கிறது, மதிப்பு 6,000. பில்லிலோ 20 என்ற அளவும் 300 என்ற விலையும் ஏறியிருக்கின்றன. பாக்கெட்டுக்கு 12 ரோல் என்பது உங்களுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. 240 ரோலில் 20 ரோலுக்கு மட்டும் பில் வந்ததாக அது எடுத்துக்கொண்டது. மீதி 220 ரோல், அதாவது 5,500, "சரக்கு வந்தது, பில் வரவில்லை" கணக்கில் கடனாக நின்றுகொண்டிருக்கும். மறுபக்கம், 500 மதிப்புள்ள 20 ரோலுக்கு 6,000 கொடுத்ததாகி, அந்த 5,500 வித்தியாசம் உங்கள் கணக்கு முறையைப் பொறுத்து விலை வித்தியாசக் கணக்கிலோ டேப்பின் சரக்கு மதிப்பிலோ ஏறியிருக்கும்.

சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது சரியாக இருப்பதால் யாருக்கும் உறுத்தாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர்தான் கேட்பார், அப்போது யாருக்கும் நினைவிருக்காது. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. அந்த 220 ரோலுக்கு இடம் திறந்தே இருப்பதால், நாளை அதே டேப்புக்கு மறுபடி ஒரு பில் வந்தால், நம்பர் வேறாக இருக்கும்பட்சத்தில், மென்பொருள் அதை மகிழ்ச்சியோடு அனுமதிக்கும்.

சரிசெய்ய, அந்தப் பில் பதிவை ரிவர்ஸ் செய்து (எதிர்ப்பதிவு போட்டு நீக்கி), டேப் லைனில் 240 ரோல், 25 வீதம் என்று மறுபடி பதியுங்கள். பணம் கொடுத்துவிட்டிருந்தால் பணப்பதிவைப் பில்லில் இருந்து முதலில் விடுவித்து, புதிய பதிவோடு சேர்க்க வேண்டும். பிறகு பொருள் விவரத்தில் "1 பாக்கெட் = 12 ரோல்" என்ற அலகு மாற்றத்தை ஏற்றிவிடுங்கள். அடுத்த முறை 20 பாக்கெட் என்றே பதிந்தாலும் மென்பொருள் 240 என்று கணக்கிட்டுக்கொள்ளும்.

2,800-இல் மூன்று வழக்குகள்

இரண்டாவது பில்லுக்கு வருவோம். முதல் பில்லுக்குப் பின் வந்து, பில் ஆகாமல் இருந்த பெட்டிகள் 350-ம் 230-ம் சேர்த்து 580. பி.ஓ. விலைப்படி 29,000. பில் 31,800. வித்தியாசம் 2,800. இதை ஒரே தொகையாக வைத்துச் சப்ளையரிடம் பேசினால் பேரம் ஆகிவிடும். பிரித்தால் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பதில்கள்.

வராத 20 பெட்டிக்கு 52 வீதம் 1,040. இதில் பேச ஒன்றுமில்லை. வராததற்குப் பணம் இல்லை.

வந்த 580 பெட்டிக்குத் தலா 2 கூடுதலாக 1,160. இதை மென்பொருள் எச்சரிக்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஹோல்டுக்குக் காரணம் அளவு மட்டும். விலைக்கு நீங்கள் வைத்திருக்கும் விலக்கு, அதாவது மென்பொருள் எச்சரிக்காமல் விடும் வித்தியாசம், 5 சதவீதம் என்று கடிதத்தில் இருக்கிறது. 50-க்கு அது 2.50. எனவே 52 உள்ளே நுழைந்துவிட்டது. உங்கள் கண்ணில் பட்டதால் தெரிந்தது. சதவீத விலக்கோடு ஒரு பில்லுக்கு அதிகபட்ச தொகையையும் வைத்து, இரண்டில் எது குறைவோ அதுவரைதான் அனுமதி என்று அமையுங்கள். விலக்கு வைப்பது பைசா கணக்கில் வரும் ரவுண்டிங் வித்தியாசத்துக்காக. சப்ளையர்கள் அந்த எல்லையைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

லாரி வாடகை 600. பி.ஓ.வில் இதற்கு லைனே இல்லாததால் இதைப் பொருத்த எதுவும் இல்லை. பல மென்பொருள்களில் இப்படிப்பட்ட லைன் கேள்வியின்றிக் கடந்துபோகும். பதில் பி.ஓ.வின் டெலிவரி நிபந்தனையில் இருக்கிறது. உங்கள் இடத்தில் ஒப்படைப்பது என்று இருந்தால் வாடகை அவர் பொறுப்பு. அவர் இடத்தில் இருந்து எடுத்துக்கொள்வது என்று இருந்தால் உங்கள் பொறுப்பு. எதுவும் எழுதப்படவில்லை என்றால் முந்தைய ஆர்டர்களில் யார் கொடுத்தார்கள் என்பதுதான் வலுவான ஆதாரம். அடுத்த பி.ஓ.வில் வாடகைக்கு ஒரு லைன் போடுங்கள், அது உங்கள் செலவு இல்லையென்றாலும் "வாடகை சப்ளையருடையது" என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள்.

விலையை 52 ஆக்கியது

இதுதான் நீங்கள் உடனே திரும்பப் பெற வேண்டிய செயல். பி.ஓ. என்பது நீங்கள் "இந்த விலைக்கு வாங்குகிறேன்" என்று கொடுத்த சொல். சப்ளையர் அதை ஏற்று, அல்லது மறுப்பின்றிச் சரக்கை அனுப்பி, ஒப்பந்தம் ஆக்குகிறார். பில் அவர் கேட்கும் தொகை, அவ்வளவுதான். கேட்ட தொகைக்கு ஏற்ப ஒப்பந்தத்தை நீங்களே திருத்திவிட்டால், பிறகு எதோடு ஒப்பிடுவது? பொருத்தம் எப்போதும் நூற்றுக்கு நூறு வரும், அதற்கு மென்பொருளே தேவையில்லை.

சட்டப்படியும் இது உங்களுக்கு எதிரான ஆவணம். சர்ச்சை வந்தால் "அவர்களே 52 என்று திருத்திக்கொண்டார்கள்" என்று சப்ளையர் காட்டலாம். கணக்கிலும் விளைவு உண்டு. லைனுக்கு ஒரே விலைதான் என்பதால், 50 வீதம் பில் ஆன முதல் 400 பெட்டி இப்போது 800 குறைவாக பில் ஆனதுபோலத் தெரியும். வந்து பில் ஆகாத 580 பெட்டியின் கடனைச் சில மென்பொருள்கள் பழைய விலையிலேயே வைத்திருக்கும். சில புதிய விலைக்கு மாற்றி 30,160 ஆக்கிவிடும். உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 52-க்கு உங்கள் தரப்பில் யாராவது ஒப்புக்கொண்டார்களா? போனிலோ மெசேஜிலோ முதலாளியே "சரி, இந்தத் தடவை 52" என்று சொல்லியிருக்கலாம். சப்ளையர் ஆர்டரை ஏற்று அனுப்பிய உறுதிக் கடிதத்தில் வேறு விலை இருந்து, அதை யாரும் மறுக்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் 52 நியாயமான விலையாக இருக்கக்கூடும். அப்போதும் பழைய லைனைத் திருத்தாதீர்கள். லைன் 1-ஐ 400 என்று குறைத்து, 600 பெட்டி 52 வீதம் என்று புதிய லைன் சேர்த்து, திருத்தம் எண் 1 என்று பதிந்து, ஒப்புதல் வாங்கி, சப்ளையருக்கும் அனுப்புங்கள். 580-க்கான ஜி.ஆர்.என். பழைய லைனில் இருப்பதால் அதை ரிவர்ஸ் செய்து புதிய லைனில் போட வேண்டிவரும். சலிப்பான வேலைதான், ஆனால் எப்போது, ஏன் விலை மாறியது என்பதற்குப் பதில் ஆவணத்திலேயே இருக்கும்.

முதலாளி சொன்ன 600

இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். அவருடைய நலன் கருதியே சொல்லலாம். ஜி.ஆர்.என். என்பது "இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் நிறுவனம் கையெழுத்திட்ட ரசீது. 600 என்று போட்டபின் மீதி 20 வராவிட்டால், கேட்பதற்கு உங்களிடம் ஆதாரமே இல்லை. எதிரான ஆதாரம் இருக்கிறது. சரக்கு எண்ணும் நாளில் 20 குறையும், கேள்வி ஸ்டோர்ஸ்காரர் மீது விழும். வராத சரக்குக்கு முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதை அட்வான்ஸ் என்றே பதிந்து கொடுங்கள். அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். வழி இருக்கும்போது பொய் வரவு தேவையில்லை.

சப்ளையருக்கு என்ன செய்வது

மூன்று வழிகள் உண்டு. பில்லைத் திருப்பி அனுப்பி 29,000-க்குப் புதிய பில் கேட்கலாம். நீங்களும் பதியவில்லை, அவரும் டாக்ஸ் கணக்கில் காட்டவில்லை என்றால் இதுதான் சுத்தமானது. பில்லை உள்ளபடி 31,800-க்குப் பதிந்து, 2,800-க்கு அவரிடம் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து விற்பவர் தரும் ஆவணம்) வாங்கலாம். அல்லது நீங்களே டெபிட் நோட் (அதே குறைப்புக்கு வாங்குபவர் போடும் ஆவணம்) போட்டுக் குறைத்துக் கொடுக்கலாம். மூன்றாவது வேகமானது, ஆனால் அவர் புத்தகத்தில் 2,800 பாக்கி என்று நின்றுகொண்டே இருக்கும், வருடக் கடைசியில் இருப்பு ஒத்துப்போகாது. மேலும் பல நாடுகளில் பில்லில் உள்ள டாக்ஸைக் குறைக்க விற்பவரின் கிரெடிட் நோட்தான் வேண்டும். உங்கள் நிலையில், மாதம் கடந்துவிட்டதால் அவர் டாக்ஸ் கணக்கில் காட்டியிருக்கக்கூடும், எனவே இரண்டாவது வழியே பொருத்தம். எதைச் செய்தாலும், 600 என்று அச்சடித்த பில்லை 580 என்று பதியாதீர்கள். பில்லில் இருப்பது பதிவில் இருக்க வேண்டும். மறுப்பு தனி ஆவணமாக இருக்க வேண்டும்.

தினமும் போன் செய்பவருக்கு இன்றே மெயில் அனுப்புங்கள்: பில் நம்பர், பி.ஓ. நம்பர், மூன்று வித்தியாசங்கள் தனித்தனியாக, ஜி.ஆர்.என். நகல். "மறுக்காத 29,000-ஐ நாங்கள் கொடுக்கிறோம், மீதிக்குக் கிரெடிட் நோட் தேவை" என்று சொல்லுங்கள். வாடகை உங்கள் பொறுப்பு என்று தெரியவந்தால் 600-ஐக் கூட்டி 29,600 என்று எழுதுங்கள். மறுக்காத தொகையையும் சேர்த்துப் பிடித்துவைத்தால் தாமதத்துக்கு வட்டி கேட்க அவருக்கு இடம் கொடுக்கிறீர்கள். எழுத்தில் மறுக்காமல் நாட்களைக் கடத்தினால், பில்லை ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள். "ஹோல்டில் இருக்கிறது" என்று போனில் சொல்வது மறுப்பு ஆகாது.

இரட்டைப் பில்

முதல் பில் நம்பர் அழிந்ததால் அதே பில் மறுபடி வந்தால் தெரியாதே என்று கேட்டிருந்தீர்கள். பில்லைப் பில்லாகப் பதியும்போது மென்பொருள் அதே சப்ளையரின் அதே நம்பரைத் தடுக்கும். ஆனால் "045", "45", இடையில் கோடு போட்ட 45 எல்லாம் அதற்கு வெவ்வேறு நம்பர்கள். பில்லில் அச்சானபடி, கோடு, பூஜ்யம் உட்பட அப்படியே தட்டுவது என்று விதி வையுங்கள். சப்ளையர், தேதி, தொகை மூன்றும் ஒன்றாக இருந்தாலும் எச்சரிக்கும் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். ஒரே சப்ளையரை இரண்டு வெவ்வேறு குறியீடுகளில் பதிந்திருந்தால் இந்தச் சோதனைகள் எல்லாம் வீண், எனவே அதை முதலில் பாருங்கள்.

ஆள் குறைவான அலுவலகம்

பி.ஓ. போடுவதும் பில் பதிவதும் நீங்களே என்பது சங்கடமான இடம். உங்கள் நேர்மை பற்றிய பேச்சு இல்லை. நாளை ஏதாவது தவறினால் விரல் உங்கள் பக்கம் திரும்பும் என்பதால் சொல்கிறேன். ஆளைக் கூட்ட முடியாதென்றால், வரவுப் பதிவை ஸ்டோர்ஸ் மட்டும் போடட்டும், பி.ஓ. திருத்தத்துக்கு முதலாளியின் ஒப்புதலைக் கட்டாயமாக்குங்கள், சப்ளையரின் வங்கி விவரத்தை மாற்றும் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை இரண்டு பட்டியல்களை முதலாளி பார்க்கட்டும்: பில் தேதிக்குப் பிறகு திருத்தப்பட்ட பி.ஓ.க்கள், சரக்கு வந்து 60 நாள் கடந்தும் பில் வராத லைன்கள். உங்கள் 220 ரோல் டேப் இரண்டாவது பட்டியலில் மூன்றாம் மாதமே தலைகாட்டியிருக்கும்.

பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எண்ணிப் பார்க்கச் சரக்கு இல்லை. ஒரு வருடத்துக்குத் தொகை அளவில் ஒரு பி.ஓ. போடுங்கள்: மாதத் தொகை, மொத்த உச்சவரம்பு, முடியும் தேதி. வேலை நடந்ததை அதைப் பயன்படுத்தும் துறை மாதாமாதம் உறுதிசெய்தால் அதுவே ஜி.ஆர்.என். போல வேலை செய்யும். மின்கட்டணம் போன்றவற்றுக்கு பி.ஓ. வேண்டாம். அவற்றுக்கு பி.ஓ. இல்லாத பில் என்ற தனி வழியும் தனி ஒப்புதலும் போதும். எல்லாவற்றுக்கும் பி.ஓ. வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், பில் வந்தபின் பி.ஓ. போடும் பழக்கம்தான் வளரும்.

மீதமிருக்கும் 20 பெட்டி பற்றி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வேண்டுமென்றால் லைனைத் திறந்து வைத்து, தேதி கேட்டு எழுதி வாங்குங்கள். கிரெடிட் நோட் பதிந்ததும் "பில் ஆனது" 980-க்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அளவில்லாமல் வெறும் தொகைக்கு கிரெடிட் நோட் பதிந்தால் 1,000-இலேயே நிற்கும், 20 வந்தபின் அவர் அனுப்பும் நியாயமான பில்லையும் மென்பொருள் தடுக்கும். எனவே 20 பெட்டிக்கான கிரெடிட் நோட்டை அளவோடு பதியுங்கள். விலை வித்தியாசம் 1,160-க்கும், வாடகை அவர் தலையில் என்றால் 600-க்கும், அளவு தொடாத தொகைப் பதிவு. வேண்டாமென்றால் அந்த லைனை மட்டும் 980-இல் முடித்து மூடி, சப்ளையருக்கும் தெரிவித்துவிடுங்கள், அவர் அடுத்த வண்டியில் ஏற்றிவிடும் முன்.